பதினேழாம் அடிக்குறிப்பு

நீங்க அடிக்குறிப்பெல்லாம் படிப்பீங்களா சார்? பக்கத்துக்கு அடியில ஒரு கோடு போட்டு, அதுக்குக் கீழ நம்பர் போட்டு பொடிப்பொடியா எழுதியிருப்பானே, அது. கையில புத்தகம் வச்சிருக்கீங்களேன்னு கேட்டேன். படிக்க மாட்டீங்கல்ல? அதானே. எந்த மனுஷன் படிப்பான்? எனக்கு வந்த வினையே அதுலதான் வந்துது. படிச்சிருக்கணும் சார். படிச்சுத் தொலைச்சிருக்கணும்.

மதுரைக்குத்தானே போறீங்க? நாங்களும் மதுரைதான். நாங்கன்னா, அந்தா முன்னாடி லேடீஸ் சீட்ல பச்சைச் சேலை கட்டி உக்காந்திருக்கால்ல, அது நம்ம வீட்டுல. பொண்ணு மதுரையில சட்டக் காலேஜ் படிக்குது, நாலாம் வருஷம். மதிவதனின்னு பேரு. அவளைப் பாக்கத்தான் போறோம். பாக்கன்னு சொல்றேன், உண்மையில சண்டை போடத்தான் போறோம்.

என் பேரு ஆவுடையப்பன். கோவில்பட்டிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹெல்த் இன்ஸ்பெக்டர். கொசு மருந்து, குளோரின், டெங்கு, எல்லாத்துக்கும் ஓடுறவன் நான்தான். ஆனா எங்க வட்டாரத்துல என் பேரு தெரிஞ்சது அதுல இல்ல. கொஞ்சம் காதைக் கொடுங்க, முன்னாடி பிள்ளைங்க இருக்கு. ஆம்பளை ஆபரேஷன். குடும்பக் கட்டுப்பாடு சார். பொம்பளைங்க பண்ணிக்கிடுவாங்க, அது யாருக்கும் பெருசில்ல. ஆம்பளையைச் சம்மதிக்க வைக்கிறதுதான் பெரிய பாடு. நான் டீக்கடையில நிப்பேன், சலூன்ல உக்காருவேன், தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல ஷிப்டு விடுற நேரம் பாத்து மைக் பிடிப்பேன். "கத்தி கிடையாதுய்யா, தையல் கிடையாது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், காலையில வந்துட்டு சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போகலாம், ஆம்பளைத்தனம் எங்கயும் ஓடிப் போயிறாது." நல்லாப் பேசுவேன் சார். கலெக்டர் கையால பாராட்டுச் சான்றிதழே வாங்கியிருக்கேன், வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு.

கூட்டத்துல எவனாவது ஒரு குசும்பன் எந்திரிச்சுக் கேப்பான்: "சார், நீங்க பண்ணிட்டீங்களா?" நான் யோசிக்கவே மாட்டேன். "பண்ணாமலா உன்கிட்ட வந்து நிக்கேன்?"னு சொல்லிருவேன். எல்லாரும் கை தட்டுவாங்க. பண்ணல சார். அது பிரசாரத்துக்குச் சொல்றது. சோப்பு விக்கிறவன் அந்த சோப்பையா போட்டுக் குளிக்கான்? அதையெல்லாம் ஒரு தப்புன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வாரேன். மதி காலேஜ்ல பிள்ளைங்களே ஒரு பத்திரிகை நடத்துறாங்க. 'பாலினமும் பொதுக்கொள்கையும்'னு பேரு. வாத்தியார், ப்ரொபசர் ஒருத்தரும் கிடையாது, எடிட்டர்ல இருந்து பார்சல் கட்டுறது வரைக்கும் பிள்ளைங்கதான். அரசாங்கம் போடுற திட்டம் பொம்பளைக்கு எப்படி இருக்கு, ஆம்பளைக்கு எப்படி இருக்கு, சட்டத்துல என்ன இருக்கு, நடைமுறையில என்ன நடக்குன்னு எழுதுவாங்க. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். இந்த இதழ்ல மதியோட கட்டுரை வந்திருக்கு. தமிழ்ல. அதுவும் எதைப் பத்தி? குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பத்தி! எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. அப்பன் வேலை பாக்குற துறையிலேயே பொண்ணு கட்டுரை எழுதியிருக்கு. போன் போட்டு, "எனக்கு ஒரு கட்டு அனுப்பும்மா, ஆபீஸ்ல கொடுக்கணும்"னேன். அவ, "படிச்சுட்டுக் கொடுங்கப்பா"ன்னா. "படிக்காமலா கொடுப்பேன்?"னேன். படிச்சேன் சார். சத்தியமா முழுசாப் படிச்சேன். மேல இருக்கிற பெரிய எழுத்தை மட்டும்.

நல்லா எழுதியிருந்தா. 'திட்டத்தில் தம்பதியர் என்று இருக்கிறது, ஆபரேஷன் மேஜையில் ஒருவர்தான் படுக்கிறார்'னு ஒரு வரி. எனக்கே புல்லரிச்சுது. நம்ம ரத்தம்லா!

மாசக் கூட்டம் அன்னைக்கு ஒவ்வொரு நாற்காலியிலயும் ஒரு புத்தகம் வச்சு, மேல ஒரு பால்கோவாப் பொட்டலமும் வச்சேன். எங்க மெடிக்கல் ஆபீசர், டாக்டர் பெனிட்டா, சின்ன வயசுதான், ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. "ஒரு பகுதி வாசிங்களேன் ஆவுடையப்பன்"னாங்க. நர்ஸ், பார்மசிஸ்ட், டிரைவர், எல்லாரும் இருக்காங்க. நான் எந்திரிச்சு நின்னு, மைக் பிடிச்ச தொண்டையில்லையா, கணீர்னு வாசிச்சேன். எதை வாசிச்சேன் தெரியுமா? அதுலயே ரொம்பச் சூடா இருந்த இடத்தை.

'கள ஊழியர் ஒருவர். இந்த அறுவை சிகிச்சை எளிதானது என்று ஆண்களிடம் பல ஆண்டுகள் பேசியவர். தன் வீட்டில் மனைவியை அனுப்பினார். மனைவிக்கு ரத்தசோகை இருந்தது. கைக்குழந்தை இருந்தது. இப்போது வேண்டாம், நீங்கள் செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் அவரிடம் சொன்னார். தான் தினமும் சைக்கிள் மிதிப்பவன் என்று அவர் பதில் சொன்னார். அந்த மாதம் அவர் சேர்த்துக் காட்ட வேண்டிய எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைந்தது. மனைவியின் பெயர் அந்த இடத்தை நிரப்பியது.'

இதை வாசிச்சுட்டு நான் சும்மா உக்காந்திருக்கலாம்ல? உக்காரல. புத்தகத்தைத் தட்டித் தட்டிப் பேசினேன். "பாத்தீங்களா மேடம், இப்படியும் ஒரு ஈனப்பய நம்ம டிபார்ட்மென்ட்ல இருந்திருக்கான்! கட்டின பொண்டாட்டியைக் கணக்குக்குக் கொண்டு போய்ப் படுக்க வச்சிருக்கான். இவனையெல்லாம் சஸ்பெண்ட் பண்ணணும் மேடம்!" அப்படின்னேன். நானே சொன்னேன் சார். என் வாயாலயே சொன்னேன்.

நிமிர்ந்து பாத்தா யாரும் என்னைப் பாக்கல. எல்லாரும் புத்தகத்தையே பாக்குறாங்க. டாக்டரம்மா மட்டும் மெதுவா, "உட்காருங்க ஆவுடையப்பன்"னாங்க. எனக்கு விளங்கல. "ஏன் மேடம், நான் சொல்றது சரிதானே?"னு கேக்கேன். அவங்க எந்திரிச்சு வந்து, என் கையில இருந்த புத்தகத்துல பக்கத்துக்கு அடியில விரலை வச்சாங்க. பதினேழுன்னு நம்பர் போட்டு இருந்துது. 'கட்டுரையாளரின் தாயாருடன் நேர்காணல், வீட்டுச் சமையலறை. கணவர் சுகாதார ஆய்வாளர். ஆண் கருத்தடைப் பிரசாரத்துக்காக மாவட்ட அளவில் பாராட்டுச் சான்று பெற்றவர்.'

யாராவது சிரிச்சிருந்தாக்கூட நான் தப்பிச்சிருப்பேன் சார். சண்டை போட்டிருப்பேன். ஒருத்தரும் சிரிக்கல. நர்ஸு பால்கோவாப் பொட்டலத்தைப் பிரிச்சவ, திரும்ப மடிச்சு மேஜையில வச்சுட்டா. அங்க என்கூட வீடு வீடாப் பிரசாரத்துக்கு வந்தவங்க இருக்காங்க. 'நானே பண்ணிக்கிட்டவன்'னு நான் மைக்ல சொல்லும்போது பக்கத்துல நின்னு தலையாட்டினவங்க. அவமானம்னா அப்படி ஒரு அவமானம். வண்டியை எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அதுல இருந்து மெடிக்கல் லீவு. இப்ப தெருவுல நடந்தா டீக்கடைக்காரன்கூடக் கும்பிடு போட மாட்டேங்கான்.

இதுல என்ன கொடுமைன்னா, வாசிக்கும்போது அது நான்னே எனக்குத் தோணல சார். எப்படித் தோணும்? நான் அப்படிப்பட்டவன் இல்லையே! அதுல சைக்கிள்னு போட்டிருக்கு. நான் அப்பவே டிவிஎஸ் வண்டி வச்சிருந்தேன். டாக்டர்கிட்ட, "வண்டி ஓட்டணும், குண்டும் குழியுமான ரோடு, ஒத்துக்கிடாது"ன்னுதான் சொன்னேன். சைக்கிள்னு சொல்லவே இல்ல. ஆதாரம் ஆதாரம்னு பேசுறவங்க இதைச் சரிபாக்க வேண்டாமா?

அன்னைக்கே மதிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உன்னைப் படிக்க வச்சதுக்கு இதுதான் மரியாதையா? பேர் போடாம எழுதினியே, அதோட விட வேண்டியதுதானே? அடியில எதுக்குடி அதை எழுதினே?" அவ அழல. சின்ன வயசுல பல்லி பாத்தாக்கூட அழுவா. "அப்பா, எங்க பத்திரிகைல ஆதாரம் இல்லாம ஒரு வரி போட முடியாது. முதல் வருஷப் பிள்ளைங்க ஒவ்வொரு வரியாப் பிடிச்சு, இது எங்க இருந்து வந்துதுன்னு கேப்பாங்க. சொல்லலைன்னா வெட்டிருவாங்க"ன்னா. "அப்ப வெட்டட்டுமே!"ன்னேன். "வெட்டினா அம்மா இல்லாமப் போயிருவாங்கப்பா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

என்ன பேச்சு இது? அவ அம்மா எங்க போயிறப் போறா? அங்கதான் உக்காந்திருக்கா, நல்லாத்தான் இருக்கா. ஆபரேஷன் பண்ணின புதுசுல புண்ணு கொஞ்சம் சீழ் வச்சுது, காய்ச்சல் வந்துது, அது யாருக்கும் வர்றதுதான். மதிக்குப் பால் கொடுக்க முடியாமப் போச்சு, டப்பா பால் வாங்கிக் கொடுத்தேன். குறையே வைக்கல. இப்பவும் குனிஞ்சு வேலை பாத்தா இடுப்பு வலிக்குதும்பா. இந்த வயசுல யாருக்குத்தான் இடுப்பு வலிக்கல?

வீட்டுலயும் கேட்டேன். "நீ எதுக்கு அவகிட்ட இதையெல்லாம் சொன்னே?"ன்னு. அடுப்புல தோசை கிடக்கு, திருப்பிப் போட்டுட்டு, "கேட்டா, சொன்னேன்"ன்னா. அவ்வளவுதான். அவ பேச்சு அவ்வளவுதான் சார். எப்பவுமே.

நான் விடல. அந்தப் பத்திரிகைக்கு மறுப்பு எழுதினேன். அரசாங்க உத்தியோகத்துல இருக்கிறவனுக்கு மனு எழுதத் தெரியாதா? 'மேற்படி அறுவை சிகிச்சை என் மனைவி தன் முழு விருப்பத்தின் பேரில் செய்துகொண்டது. நான் எந்தக் கட்டாயமும் செய்யவில்லை. கட்டுரையை நீக்க வேண்டும்.' பதிவுத் தபால்ல போட்டேன். எடிட்டர்னு ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. அஃப்ரின்னு பேரு. மரியாதையாத்தான் பேசுச்சு. "சார், கட்டுரையை நீக்க எங்க விதியில இடமில்ல. ஆனா நீங்க எழுதினதை அடுத்த இதழ்ல ஒரு எழுத்துக் குறைக்காமப் போடுவோம்"னுச்சு. பரவாயில்லையே, நியாயமான பிள்ளைங்கதான்னு நினைச்சேன். அடுத்த வாயிலேயே, "முழு விருப்பத்தின் பேரில்னு எழுதியிருக்கீங்க சார், அதுக்கு ஆதாரம் வேணும்"னுச்சு. என் பொண்டாட்டி விருப்பத்துக்கு நான் ஆதாரம் காட்டணுமாம்! "நான்தாம்மா புருஷன், நான் சொல்றேன்"ன்னேன். "அது உங்க தரப்பு சார். அம்மா சொன்னாப் போட்டுருவோம்"னுச்சு.

சரி, அதுக்கென்ன, சொல்ல வச்சாப் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுல வந்து, "மதுரைக்குப் போறோம். அந்தப் பிள்ளைங்க முன்னாடி, நானா விரும்பித்தான் பண்ணிக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும், என் மானம் திரும்பிரும்"னேன். வரமாட்டேன்னு சொல்லுவாளோன்னு ஒரு பயம் இருந்துது. சொல்லலையே! துணியை மடிச்சுக்கிட்டே, "வாரேன்"னா. கட்டினவ கட்டினவதான் சார். மகளைவிட அவளுக்கு நான் முக்கியம். அவ சொல்லிட்டா நான் திங்கக்கிழமை தலை நிமிர்ந்து ஆபீஸ் போவேன். சொல்லலைன்னா, நான் அந்த ஊர்ல இருந்து மாத்தல் வாங்கிட்டுப் போக வேண்டியதுதான். அதெல்லாம் சொல்லிருவா.

விருதுநகர் வந்துருச்சு. டிரைவர் டீ குடிக்க இறங்குறார். இருங்க சார், அவளுக்கு ரெண்டு வெள்ளரிக்காய் வாங்கிக் கொடுத்துட்டு வந்துருதேன். என்ன சொல்லணும்னு ஒரு தடவை ஞாபகப்படுத்திட்டும் வந்துருதேன். உங்களுக்கு டீ? வேண்டாமா? சரி.

...

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க சார்.

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி இருந்தாக் கொடுங்க.

ஜன்னல்கிட்ட நின்னு வெள்ளரிக்காயைக் கொடுத்தேன் சார். வாங்கிக்கிட்டா. "என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்குல்ல? நீயா விரும்பித்தானே பண்ணிக்கிட்டே?"ன்னேன். அவ அதை ஒடிச்சு பாதியை என்கிட்ட நீட்டிட்டு, "நீங்க கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்"னா. "அப்புறமென்ன, அதைத்தான் சொல்லச் சொல்றேன்"னேன். "நீங்க கேக்கலையே. சாயங்காலம் வந்து, நாளைக்குக் கேம்ப், ஏழு மணிக்கு ஜீப் வரும், வெறும் வயித்தோட இருன்னுதான் சொன்னீங்க"ன்னா.

சொன்னேனா? சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவேன்.

"இவ்வளவு நாள் இதை ஏன் மனசுல வச்சிருந்தே?"ன்னு கேட்டேன். சொன்னா சார். அந்த ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல நம்ம தெருவுலயே நான் ஒரு கூட்டம் போட்டுப் பேசினேன், அப்ப அவ பொம்பளைங்களோட உக்காந்திருந்தாளாம். நான் மைக்ல, 'நானே பண்ணிக்கிட்டவன்'னு சொன்னதும், எல்லாப் பொம்பளைங்களும் அவ பக்கம் திரும்பி, "நீ கொடுத்து வச்சவடி, உன் புருஷனைப் போல யாருக்கு வாய்க்கும்?"னு கையைப் பிடிச்சாங்களாம். அப்ப அவளுக்குப் புண்ணு ஆறல. சேலைக்குள்ள பஞ்சு வச்சுக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. "நான் என்ன செய்ய? சிரிச்சேன்"னா.

எனக்கு ஞாபகமே இல்ல சார் அவ அங்க இருந்தது. சத்தியமா இல்ல. கை தட்டினது ஞாபகம் இருக்கு.

வண்டி எடுக்கப் போறான்னு கண்டக்டர் விசில் ஊதுறார். நான் அப்படியே நிக்கேன். "அப்ப எதுக்குத்தான் நீ மதுரைக்கு வாறே?"ன்னு கேட்டேன். அவ சொல்றா, "கட்டுரையில தாயார்னுதான் போட்டிருக்காங்க. என் பேரைப் போடணும். செண்பகவல்லின்னு. அதைச் சொல்லத்தான் வாரேன்"னு. ஊருக்குள்ள அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல சார். 'சுகாதாரத்தார் வீட்டம்மா'ம்பாங்க. நானும் கூப்பிட்டதில்ல. உங்ககிட்டக்கூட வீட்டுலன்னுதானே சொன்னேன்.

அதைக்கூடத் தாங்கிக்கிடலாம். அதுக்கு அப்புறம் ஒண்ணு சொன்னா பாருங்க. "என் பேரைப் போட்டா நீங்க யாருன்னு படிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சுரும். அந்த அஃப்ரின் பிள்ளைகிட்டப் போன்ல கேட்டேன், அதுதான் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்கன்னு சொல்லுச்சு. எனக்கும் கேக்கணும்னு தோணுச்சு. போடட்டுமா? வேண்டாம்னா போடல"ன்னா.

கேட்டா சார். என்கிட்டக் கேட்டா. நான் வேண்டாம்னு சொன்னாப் போட மாட்டா, எனக்கு அவளைத் தெரியும். மறுபடியும் சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்துருவா.

எனக்கு வெக்கமா இருக்கு சார். ஆபீஸ்ல நின்னேன்ல, அப்பவும் வெக்கமாத்தான் இருந்துது. ஆனா அப்ப மத்தவங்க பாக்குறாங்களேன்னு இருந்துது. இப்ப யாரு பாக்குறா? நீங்க யாரோ, மதுரையில இறங்கினா உங்க பாட்டுக்குப் போயிருவீங்க. ஆனாலும் அவகிட்ட நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தைகூடக் கேட்டு... எனக்குச் சொல்லத் தெரியல. கூசுது. உடம்பெல்லாம் கூசுது.

நான் பதில் சொல்லல. சொல்றதுக்குள்ள வண்டி எடுத்துட்டான், ஓடி வந்து ஏறிட்டேன். இந்த மறுப்பு சட்டைப் பையிலதான் இருக்கு, ஒரு நகல் எடுத்து வச்சிருந்தேன். இதை வச்சு இனி என்ன செய்ய?

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டே வந்துருச்சா? அதுக்குள்ளயா? நீங்க முதல்ல இறங்குங்க சார், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. கூட்டம் போகட்டும். அவ பையை எடுத்துட்டுப் படிகிட்டப் போயி நின்னுட்டா. இறங்காம நிக்கா. என்னைத்தான் திரும்பித் திரும்பிப் பாக்கா. பதிலுக்குத்தான் நிக்கா சார்.

இவ்வளவு சத்தத்துல கத்தினாலும் கேக்காது. இங்க இருந்து நான் சரின்னு தலையை ஆட்டினா அவளுக்குத் தெரியுமா சார்?